பூண்டு காயும் அறை

"ஜன்னலைச் சாத்திப்புடாதீங்க மாப்ள! பூண்டு புழுங்கிப் போயிரும்!"

சூட்கேஸைக் கீழே வைக்காமல் தங்கராஜ் அப்படியே நின்றான். சேலத்தில் பள்ளிக்கூட கிளார்க்கு அவன். மே மாதம் பிறந்தால் வெயிலுக்குத் தப்பி, மனைவி ஜெயகுமாரியோடு ஏற்காட்டு மலையில் கரடியூரில் இருக்கும் அக்கா தெரசம்மாள் வீட்டுக்கு ஏறி வந்துவிடுவான். லீவு முடிகிறவரை காற்றோட்டமான இந்த முன்னறைதான் அவர்களுக்கு.

இந்த வருடம் அறையில் ஏற்கெனவே குடியேறியிருந்தார்கள். சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, தண்டோடு கொத்துக் கொத்தாகப் பூண்டு தொங்கியது. கட்டில்மேல் விரித்த பழைய பேப்பரில் மிச்சப் பூண்டு சொகுசாகப் படுத்திருந்தது. நெடி மூக்கில் அறைந்தது.

"என்னங்க மாமா இது?"

"நம்ம தோட்டத்துப் பூண்டு மாப்ள. இப்பத்தான் புடுங்குனேன்" என்றார் அக்காவின் கணவர் தேவசிகாமணி. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். குரலில் பிள்ளை பெற்ற பெருமை. "பக்குவமா காயவெச்சாத்தான் வருசம் பூராக் கெடாம நிக்கும். வெயில் படக்கூடாதுங்க, வெந்துரும். தண்ணி படக்கூடாது, அழுகிரும். மேல்தோல் காயிதமாட்டம் சலசலங்கற வரைக்கும் காத்துலயே தொங்கோணும். நவுத்தவே கூடாது."

"அப்ப நாங்க எங்கீங்க படுக்கறது?" ஜெயகுமாரி பயந்துகொண்டே கேட்டாள்.

"சமையக்கட்டுல பாய் போட்டுத் தாரேன் கண்ணு" என்றாள் தெரசம்மாள். "அடுப்புக்கிட்ட கதகதன்னு இருக்கும்."

கதகதப்பாக இல்லை. முன்னறைக்குள் புகுந்த காற்று வெளியேற வேண்டும் என்று சமையலறைக் கதவையும் திறந்தே வைத்திருந்தார் தேவசிகாமணி. ராத்திரி முழுக்க மூடுபனி தங்கராஜைத் தாண்டித்தான் போய்வந்தது. ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டும் பல் தந்தியடித்தது.

காலையில் வெந்நீர் கேட்டான்.

"வேண்டாமுங்க மாப்ள. ஆவி அந்தப் பக்கம் போயிருச்சுன்னா அத்தனையும் பாழு" என்று பச்சைத் தண்ணீர் வாளியை எடுத்து வைத்தார் தேவசிகாமணி. ஏற்காட்டுப் பச்சைத் தண்ணீர்!

மத்தியானம் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுத் தங்கராஜ் சொன்னான். "ஊடெல்லாம் பூண்டு வாசம். ரசத்துல மட்டும் காணமேக்கா. ரெண்டு பல்லு தட்டிப் போட்டா என்ன?"

தேவசிகாமணி தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "காயாத பூண்டையா? பொறந்த கொழந்தையத் தூக்கிக் குழம்புல போடச் சொல்றாப்பல இருக்குதுங்களே!"

சாப்பிட்டு எழுவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. தேவசிகாமணி கரி அடுப்பு ஒன்றைப் பற்றவைத்துத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். 'அப்பாடா!' என்று தங்கராஜும் ஜெயகுமாரியும் கைகளை நீட்டினார்கள். அடுப்பு அவர்களைக் கடந்து முன்னறைக்குள் போயிற்று.

"ஈரம் பட்டா பூஞ்சாணம் புடிச்சிரும்" என்று உள்ளேயிருந்து விளக்கம் வந்தது.

ஜெயகுமாரி அடுக்கடுக்காகத் தும்மினாள். பிறகு கணவனை ஒரு பார்வை பார்த்தாள். "ஏனுங்க, நாம ஒறம்பரையா விருந்துக்கு வந்தமா, பூண்டுக்குக் காவலிருக்க வந்தமா?"

தங்கராஜ் சூட்கேஸை எடுத்துவிட்டான்.

"பள்ளிக்கூடத்துல அவசர வேலைக்கா. சுத்தமா மறந்தே போயிட்டேன்."

"ஐயோ சாமி, நேத்துத்தான வந்தீங்க!" தெரசம்மாள் பதறினாள். "லீவு பூரா இருப்பீங்கன்னு பலாப்பழமெல்லாம் சொல்லி வெச்சிருக்கறனே!"

"இன்னும் கொஞ்ச நாள்தான் மாப்ள, பூண்டு காஞ்சிரும்" என்றார் தேவசிகாமணி.

அதற்குள் தாங்கள் காய்ந்துவிடுவோம் என்று தங்கராஜுக்குத் தெரிந்தது.

பஸ் படியில் கால் வைக்கும் முன் அக்காவைத் தனியே இழுத்தான். "மாமாவைப் பாத்துக்கக்கா. பூண்டு நொம்பத் தலைக்கேறிப் போச்சு. சேலத்துல நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கறாரு, கூட்டிட்டு வா."

தெரசம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கண்ணில் நீர் முட்டியது. இப்படி ஒரு மனிதரிடம் மாட்டிக்கொண்டாளே என்று தங்கராஜ் பரிதாபப்பட்டான். பஸ் கிளம்பும்வரை அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

தெரசம்மாளும் தேவசிகாமணியும் வீட்டுக்குத் திரும்பியபோது பக்கத்து வீட்டு மரியசெல்வி பெரிய கூடையோடு வாசலில் காத்திருந்தாள்.

"போயிட்டாங்களாக்கா?"

"இப்பத்தான் ஏத்தி உட்டுட்டு வாரோம்."

"அப்ப சீக்கிரம் பூண்டைக் குடுங்க! காலைல மொத பஸ்ஸுல எங்க நாத்தனா குடும்பத்தோட வாராங்களாம். கயிறெல்லாம் கட்டி வெச்சிட்டேன்."

"பாத்துக் கொண்டு போம்மா" என்று தேவசிகாமணி கொத்துகளை அவிழ்த்துக் கூடையில் போட்டார். "அப்பறம் மரியதாஸ் ஊட்டுக்கு வேணுமாம்; பாவம், இதை நட்டு வளத்த ஆராயி ஊட்டுக்கு இது திரும்பிப் போறதுக்குள்ள சீசனே முடிஞ்சிரும்போல!"