சுமைக் கணக்கு

"ஏங்க, ஸ்பீக்கர் எட்டு ஓம். டிரான்ஸ்பார்மர்ல கம்பிச் சுத்து முப்பதுக்கு ஒண்ணு. ஒண்ணு தள்ள ஒண்ணு இழுக்கிற ரெண்டு கண்ணாடி வால்வுக்கும் சேத்து சுமை எத்தனை ஓம்?"

கணவர் சாலிடரிங் அயர்னைக் கீழே வைத்தார். ஒரு மாதமாகத் தினமும் இதே கேள்வி. கேட்பவளோ இருபது வருடம் அவரோடு சேர்ந்து ஆம்ப்ளிபயர் செய்தவள்.

"இருநூத்தி நாப்பது. இதைக்கூடவா மறந்துட்ட?"

"மறந்துட்டேங்க." நோட்டில் குறித்துக்கொண்டாள்.

நானூறு வோல்ட் ஓடும் மேஜை. மறதியில் ஒருநாள் கை வைத்துவிட்டால்?

"கிளம்பு, டாக்டரைப் பாத்துட்டு வந்துருவோம்."

நோட்டையும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

"டாக்டர், ஒரே கணக்கைத் தினமும் கேக்குறா. இவ இனிமே வேலை மேஜையைத் தொடலாமா கூடாதான்னு நீங்கதான் சொல்லணும்."

டாக்டர் அவளிடம் கைநீட்டி நோட்டை வாங்கினார். கணவர் எட்டிப் பார்த்தார். தேதிவாரியாக 7200, 7200 என்றே இறங்கி வந்தது. கடைசி வரியில் மட்டும் 240.

"போன மாசம் இவர் மறதியைப் பத்திச் சொன்னப்ப, நீங்க சொன்னபடி தினமும் இவரைக் கேட்டேன் டாக்டர்," என்றாள், கணவரின் முகத்தைப் பார்க்காமல். "முப்பதை முப்பதால பெருக்கிட்டுத்தான் எட்டால பெருக்கணும். இன்னைக்குத்தான் முதல் தடவையா அதை விட்டுட்டார்."

அவர் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். தொள்ளாயிரம். எட்டுத் தொள்ளாயிரம் ஏழாயிரத்து இருநூறு. பிழை தன்னுடைய 240-ல்தான்.

மனைவியின் பக்கம் திரும்பினார்.

"மேஜையை இனிமே நீயே பாத்துக்க. ஆனா நாளைக்கும் என்னைக் கேளு."