பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது

மாகறலைத் தாண்டிய முள்காட்டுக் குறுக்குவழியில் பாம்பு காலில் கடித்ததும் லோகேஸ்வரன் அலறிவிட்டான்.

"பயப்படாதய்யா! காட்டு முதலுதவிப் பயிற்சிக்கு நான் போய்க்கினு இருக்கேன் இல்ல?" என்றாள் மனைவி சுகாசினி.

அந்தப் பயிற்சிக்கு அவள் போகக்கூடாதென்று அவன் ஆடாத ஆட்டமில்லை. இப்போது கும்பிடாத குறையாக அவள் சொன்னபடியெல்லாம் கேட்டான்.

முந்தானையைக் கிழித்துக் காலை இறுக்கிக் கட்டினாள். பட்டு நூல் அறுக்கிற பிளேடால் கடிவாயைக் கீறினாள். "ஓடுய்யா, நிக்காத!" என்று மேட்டிலும் பள்ளத்திலும் விரட்டினாள்.

கண் இருண்டு விழுந்தான். தறியில் இழை அறுந்ததற்காக அவன் ஒடித்த அவளுடைய கோணல் விரல், அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தது.

"இதெல்லாம்... அங்க சொல்லிக் குடுத்ததா, சுகா?"

"ஆமாய்யா. பாம்பு கடிச்சா இதெல்லாம் செய்யவே கூடாதுன்னு."