ஆறு சாட்சிகள்

"ஆறு பேரும் செத்துட்டாங்க."

குண்டூசி வாசலிலேயே நின்று சொன்னான். ஆள் மெலிந்திருப்பதால் வகுப்பு வைத்த பெயர் அது. அன்றைக்குக் குரலும் மெலிந்து போயிருந்தது.

வகுப்பு லீடர் பையை அப்படியே கீழே போட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்குள் ஓடினாள். ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டியில் ஆறு மீன்களும் வயிற்றைக் காட்டியபடி மிதந்தன.

தொட்டிக்குப் பக்கத்தில் நீல டிரம். இவள் தலைமையில் இவளும் குண்டூசியுமாக நாலு மாதம் நாயாய் அலைந்து செய்த வடிகட்டி. அடியில் கூழாங்கல், நடுவில் மணல், மணலின் மேல் வழவழவென்று ஒரு படலம். அந்தப் படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள்தான் ஏரித் தண்ணீரில் இருக்கும் பச்சைப் பாசியையும் அதன் விஷத்தையும் தின்று தீர்க்க வேண்டும். மொத்தச் செலவு ஒரு பழைய சைக்கிள் விலைகூட வராது.

தண்ணீரைச் சோதிக்கும் கருவி வாங்க வக்கில்லாததால் மீன் வளர்த்தார்கள். வடிகட்டிய தண்ணீரில் பதினோரு நாள் ஆறும் ஜோராக நீந்தின. நேற்று நாலு மணிக்கு இரை போட்டபோதுகூட ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தன.

இன்று பத்து மணிக்குக் குடிநீர் வாரிய இன்ஜினியர் வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால் முதல் டிரம் ஏரிக்கரைத் தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போகும். குழாய் எட்டாத தெரு அது. லீடரின் வீடு அங்கேதான். போன மாதம் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் அவள் தம்பி அந்தப் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"அட்டெண்டர் அண்ணன் படலத்தத் தேய்ச்சுக் கழுவிட்டாரா பாரு," என்றாள். பெரிய மனுஷர் வருகிறார், எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கல்லூரி முதல்வர் சொன்னதிலிருந்து அந்த மனிதரைக் கையில் துணி இல்லாமல் பார்த்தவர் கிடையாது.

குண்டூசி டிரம் மூடியைத் தூக்கிப் பார்த்தான். "இல்ல. அப்படியே இருக்கு. தொடாதீங்கன்னு நாம ஒட்டின சீட்டுக்கு மரியாத குடுத்திருக்காரு."

லீடர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். டிரம்மில் குறையில்லை. தொட்டித் தண்ணீரோ என்றைக்கும் இல்லாத அளவுக்குப் பளிச்சென்று இருந்தது. அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாத விஷம் வடிகட்டியைத் தாண்டி வருகிறது என்றுதானே அர்த்தம்?

"மணி ஒன்பதேகால்தான் ஆவுது. மீன் கடை ரெண்டு தெரு தள்ளி. ஓடிப்போய் இதே மாதிரி ஆறு வாங்கிட்டு வந்துடறேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் குண்டூசி.

"எனக்குத் தெரியும்."

"லூசா நீ? நாலு மாச உழைப்பு."

"இந்தத் தண்ணிய மொதல்ல குடிக்கப் போறது என் தம்பி. அவன் என்ன மீனா, செத்தா வேற வாங்கிட்டு வர்றதுக்கு?"

குண்டூசி கையில் எடுத்த காசைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டான்.

இன்ஜினியர் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். வழியில் டயர் மாற்றியதில் கையெல்லாம் கரி. ஆய்வுக்கூடக் குழாயைத் திறந்து கழுவியவர் மூக்கைச் சுளித்தார்.

"என்னப்பா இது, இந்த நெடி அடிக்குது?"

"உங்க ஆளுங்கதான் சார். ஏரி பச்சையானதுலேருந்து குழாய்த் தண்ணில பிளீச்சிங் பவுடர அள்ளிக் கொட்டறாங்க. குளிச்சா கண்ணு எரியுது," என்றான் குண்டூசி.

அவர் காதில் விழாதது போலக் கையைத் துடைத்துக்கொண்டார். "சரி, உங்க மீனெல்லாம் எங்க? காட்டுங்க."

தொட்டியை மறைத்து நின்ற லீடர் ஒதுங்கி வழிவிட்டாள்.

"செத்துப்போச்சு சார். நேத்து நல்லாத்தான் இருந்துச்சு, காலைல வந்து பாத்தா இப்படி. எங்க வடிகட்டியில ஏதோ தப்பு இருக்கு. என்னன்னு தெரியல." திறந்திருந்த டிரம்மை மூடினாள். "கையெழுத்துப் போட்டுடாதீங்க சார்."

இன்ஜினியர் தொட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ சொல்லாம இருந்திருக்கலாமேம்மா. வேற மீன விட்டு வெச்சிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

குண்டூசி தரையைப் பார்த்தான்.

"குடிக்கறவங்களுக்குத் தெரிஞ்சுடும் சார்," என்றாள் லீடர்.

அவருக்கும் மனசு கேட்கவில்லை. இருந்தாலும் படிவத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். "வடிகட்டி வெக்கிற இடங்களோட இந்த வருஷப் பட்டியல் இன்னிக்கோட முடியுது. செத்த மீனப் பாத்துட்டு, பிள்ளைங்களுக்கு இந்தத் தண்ணியக் குடுங்கன்னு நான் எழுத முடியாது. அடுத்த வருஷம் பாக்கலாம்."

இன்னும் ஒரு வருஷம். தம்பி அதே தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், முடியவில்லை.

இன்ஜினியர் பேனாவைத் திறந்தபோது அட்டெண்டர் டீத் தட்டோடு உள்ளே வந்தார். தொட்டியைப் பார்த்ததும் நடை நின்றுவிட்டது. தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்தன.

"அடப் பாவமே, எப்படிச் செத்துச்சு?" அவர் முகம் நிஜமாகவே வாடிப்போனது. "பெரியவர் வர்ற நேரத்துல பழைய தண்ணில கெடக்குதேன்னு, நேத்து சாயங்காலம் நான்தானே எல்லாத்தையும் கொட்டிட்டு, புதுசா குழாய்த் தண்ணி புடிச்சு ஊத்தினேன்."