சிவக்காத கை

சோதனைக்காகப் புது க்ரீமைத் தடவி ஒட்டிய பிளாஸ்திரியை மூன்றாம் நாள் பிய்த்ததும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முன்கையில் சட்டைப் பொத்தான் அகலத்துக்கு ஒரு வட்டம். தடித்துப்போய், நெருப்பை வைத்துத் தேய்த்த மாதிரி எரிந்தது.

லேப்காரர் ஓர் அட்டையை எடுத்து அவள் கைக்குப் பக்கத்தில் பிடித்தார். அட்டையில் ஐந்து கைகளின் படம். சிவக்காத கை, லேசாகச் சிவந்த கை, நன்றாகச் சிவந்த கை என்று வரிசையாக. ஐந்துமே பாலில் முக்கி எடுத்த வெள்ளைக் கைகள்.

அட்டையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"சிவப்பே இல்லையேக்கா. பூஜ்ஜியம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறுத்த கை தடிக்கும், வீங்கும், இன்னும் கறுக்கும். படத்தைப் பார்த்துச் சிவக்க அதற்கு எங்கே தெரியும்?

திராட்சைக் கொட்டையிலிருந்து இறக்கிய சத்தாம். ஆன்டிஆக்சிடென்ட்டாம். வெயிலும் காற்றும் தோலைக் கெடுக்காமல் காக்குமாம். காத்த லட்சணத்தில் அவள் தூங்கி மூன்று நாளாகிறது.

திராட்சையைக் குறை சொல்லக்கூடாது. அது பாவம், கொடியில் சிவனே என்று கிடந்தது. அதோடு எதையெதையோ கலந்தார்களே, அந்தப் புண்ணியவான்களைச் சொல்ல வேண்டும்.

பக்கத்துக் கட்டடத்தில் அவளுக்கு பேக்கிங் வேலை. நாளைக்கு இதே க்ரீம் டப்பாவில் 'எல்லாச் சருமத்துக்கும் ஏற்றது' என்று ஸ்டிக்கர் ஒட்டப்போகிறவளும் அவள்தான். லேப்காரர் எல்லார் முடிவையும் எழுதும் இந்தத் தாள் முழுக்கப் பூஜ்ஜியம் விழுந்தால் டப்பா கடைக்குப் போய்விடும். அவளைப் போன்ற நிறத்துப் பெண்கள்தான் முதலில் ஓடிப்போய் வாங்குவார்கள். முகத்தில் பூசுவார்கள்.

"எரியுதுன்னு எழுதுங்க சார்."

"எரிச்சலுக்குக் கட்டமே இல்லக்கா. நிறத்துக்கு மட்டும்தான்."

கட்டம் இல்லையாம்! கட்டம் போட்ட மகராசன் தன் கையில் ஒரு நாள் ஒட்டிப் பார்த்திருப்பானா? கண்ணுக்குத் தெரியாவிட்டால் போகிறது, விரலை வைத்துத் தடவிப் பார்க்கக்கூடவா முடியாது? அறையே அதிரும்படி கேட்டுவிட்டாள்.

அவர் குனிந்து பூஜ்ஜியத்தை எழுதி முடித்தார்.

அவ்வளவுதான். எட்டிப் பேனாவைப் பிடுங்கினாள். அவர் மணிக்கட்டைப் பற்றி, வெள்ளைக் கோட்டின் கையை முழங்கை வரைக்கும் ஏற்றினாள். தன் கையை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டத்தான். இரண்டும் ஒரே கறுப்புத்தானே, இதில் நீ எந்தச் சிவப்பைத் தேடுகிறாய் என்று கேட்கத்தான்.

கேட்கவில்லை.

அவர் முன்கையிலும் ஒரு வட்டம் இருந்தது. அவளுடையதைவிட நாலு நாள் பழசு. தோல் உரிந்து ஓரமெல்லாம் நீர் கசிந்துகொண்டிருந்தது.

"முதல்ல எனக்குத்தான் ஒட்டினாங்க" என்றார், தரையைப் பார்த்தபடி. "எனக்கும் பூஜ்ஜியம்தான்க்கா போட்டேன்."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

முதலில் அவருடைய பூஜ்ஜியத்தை அடித்தாள்.