வரிசை

"நாளைக்கு உங்களுக்கு ஆபரேஷன். நான் ஜெபிக்கட்டுமாங்க?" என்றாள் மனைவி.

"எந்நேரமும் போனும் கையுமா அரட்டை அடிக்கிற நீயா? பெரிய ஊழியக்காரர் வந்திருக்காரு. அவர்கிட்டயே போறேன்" என்று கிளம்பினார் கணவர்.

ஜெபக்கூடத்தில் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. கால் கடுக்க நின்று, முன்னால் போய் விஷயத்தைச் சொன்ன கணவரின் தோளைத் தட்டிக்கொடுத்தார் ஊழியக்காரர்.

"ஆபரேஷன்னா பயம் இருக்கத்தான் செய்யும். என் பைபாஸுக்கு முன்னாடி ஒரு சகோதரிதான் எனக்காக ஜெபிச்சாங்க. நேர்ல பார்த்ததில்ல, போன்லதான் பழக்கம். ஜெபிச்சு முடிச்சதும் பயம் போன இடம் தெரியல. ஆண்டவர் அவங்களுக்குக் கொடுத்த வரம் அது. நம்பர் சொல்றேன், போட்டுக்குங்க."

அவர் சொல்லச் சொல்ல, கணவர் அழுத்தினார். கடைசி எண்ணை அழுத்தியதும் திரையில் பெயர் வந்தது: 'வீட்டுக்காரி'.

வெளியே வந்து அழைத்தார்.

"என்னங்க, ஜெபம் முடிஞ்சுதா?"

"இன்னும் இல்லம்மா. எனக்காக நீதான் ஜெபிக்கணும்."

"அதுக்கென்ன, ஜெபிச்சாப் போச்சு! கொஞ்சம் லைன்ல இருங்க. உங்களுக்கு முன்னாடி கூப்பிட்டவங்களுக்கு ஜெபிச்சிட்டு வந்துடறேன்."

கணவர் மறுபடியும் வரிசையில் நின்றார், இந்தமுறை தைரியமாக.