வேலை செய்யாத ஆள்

"ஹிலாரியோ! வெள்ளிடா! என் கை அகலத்துக்கு ஓடுது!" சிப்ரியானோ கத்தினான்.

நாற்பது நாளாகக் கண்ணில் படாத வெள்ளி. சுரங்கத்துக்குள் ஒரே கூச்சல். களைப்புத் தெரியாமலிருக்க மெல்லும் கோகா இலையை வாயில் அடக்கியபடி, சாராயப் புட்டியோடு எல்லோரும் பக்கத்துக் குகைக்கு ஓடினார்கள்.

போத்தோசி மலைக்கு வந்து மூன்றே நாளான இஞ்சினியர் ரோகா, மூச்சு வாங்க வாங்கப் பின்னாலேயே வந்தார்.

இருட்டில் ஒருவன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வாயில் சிகரெட் கனன்றது. ஹிலாரியோ அவன் காலடியில் சாராயத்தை ஊற்றினான்.

"யாருய்யா அது? நான் வந்து நிக்கிறேன், எந்திரிக்கக்கூட மாட்டேங்கிறான்!"

"மெதுவா பேசுங்க சார். கோவிச்சுக்கிட்டா மலையே தலையில விழும்."

"அப்படி என்ன வேலை பார்க்கிறான்?"

"ஒண்ணும் பார்க்கிறதில்லீங்க. சும்மா உட்கார்ந்திருப்பாரு."

"எத்தனை நாளா?"

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து."

"என்கிட்டயே நக்கலா? டேய், இன்னையோட உன் சீட்டு கிழிஞ்சுது! எந்திரி!"

ரோகா பாய்ந்து அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

கை தனியாக வந்துவிட்டது.

ரோகா அலறினார். ஹிலாரியோ விளக்கை உயர்த்தினான். களிமண் முகம். கண்ணாடிக் கண்கள். தலையில் இரண்டு கொம்பு.

"பாதாளத்துச் சாமி சார். சிகரெட் நாங்க பத்த வச்சு வைக்கிற காணிக்கை. வெள்ளியெல்லாம் இவரோடது. இவரு மனசு வச்சாத்தான் நாம உயிரோட வெளியே போக முடியும்."

எங்கோ மேலே ஒரு கல் உருண்டது.

ரோகா அந்த மண் கையைப் பதமாகச் சிலையின் மடியில் வைத்தார். சட்டைப்பையை அவசரமாகத் துழாவினார்.

"ஹிலாரியோ... ஐயா சுருட்டு பிடிப்பாரா?"