துரையின் நகம்

முயல் கண்காட்சியில் நடுவர் அம்மா துரையின் முதுகு ரோமத்தை வாயால் ஊதிப் பார்த்தார். பல்லைப் பார்த்தார். காதில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தார். கடைசியாக மல்லாக்கப் புரட்டினார். அங்கேதான் பிடித்தது வினை.

அதுவரை எல்லாம் ராஜநடை. மற்ற முயல்களை ஒவ்வொன்றாகக் கூண்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேசையில் மிச்சமிருந்தது துரையும், காது விடைத்த ஒரு சாம்பல் முயலும்தான். அந்தச் சாம்பல் எல்லாம் துரைக்கு ஒரு பொருட்டா?

இதை ஜெயித்தால் துரை சாம்பியன். ஏற்கெனவே இரண்டு முறை முதலிடம், மூன்றாவதும் வந்துவிட்டால் அந்தப் பட்டம் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். மாப்பிள்ளை, அதாவது என் தங்கச்சி வீட்டுக்காரர், இதற்காக எத்தனை தலைமுறை முயல்களை இணை சேர்த்துப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். காது சரியாக வந்தால் தோள் சொதப்பும். தோள் வந்தால் ரோமம் காலை வாரும். துரையிடம்தான் எல்லாம் கூடி வந்தது. நானும் முயல் வளர்க்கிறவன்தான். என் முயல்கள் ஆறுதல் பரிசைத் தாண்டியதில்லை. அதனால் வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், அப்படியொரு கறுப்பு முயலை நான் பார்த்ததே இல்லை.

வீட்டில் நடந்தது நடந்த பிறகு, மாப்பிள்ளை முயல்களுக்குத் தீனி வைப்பதோடு சரி. கண்காட்சி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீயாவது கூட்டிக்கொண்டு போ, நாலு மனுஷரைப் பார்க்கட்டும் என்று தங்கச்சிதான் என்னிடம் கெஞ்சினாள். மல்லுக்கட்டித்தான் வண்டியில் ஏற்றினேன்.

வந்து சேர்ந்ததும் துரையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பின்னங்காலின் ரோமத்தை மட்டும் சீவிச் சீவி விட்டுக்கொண்டிருந்தார். போதும் மாப்பிள்ளை, என்ன பெண் பார்க்கவா போகிறான் என்று கேலிகூடச் செய்தேன். சீவுவதை நிறுத்தவில்லை.

இப்போது அந்த ரோமத்தைத்தான் நடுவர் அம்மா விரலால் விலக்கினார்.

உள்ளே ஒரே ஒரு நகத்தின் நுனி, ரோஸ் கலரில் மினுமினுத்தது. நெயில் பாலிஷ்.

பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

கறுப்பு முயலுக்கு எல்லா நகமும் கறுப்பாக இருக்க வேண்டும். ஒன்று வெள்ளையாக இருந்தாலும் போட்டியிலிருந்து தூக்கிவிடுவார்கள். அதை மறைக்க மை பூசிக்கொண்டு வருகிற எத்தர்களும் உண்டு. ஆனால் மறைக்க நினைக்கிறவன் கறுப்பு பூசுவானா, ரோஸ் பூசுவானா? அந்தம்மாவுக்கும் அது தெரிந்தே இருந்தது. என்ன செய்வது, பூச்சு என்று ஒன்று இருந்தால் முயல் வெளியே, அதுதான் விதி.

நல்ல மனுஷி. இந்த மாதிரித் தில்லுமுல்லைப் பிடிக்கவென்றே பெட்டியில் வைத்திருந்த ரிமூவர் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்து மேசைமேல் வைத்தார். நீங்களே துடைத்துக் காட்டுங்கள், அடியில் கறுப்பு இருந்தால் நான் எதையும் பார்க்கவில்லை என்றார்.

ஒரு சொட்டு, ஒரு தேய்ப்பு. அவ்வளவுதான் வேலை. மாப்பிள்ளை பஞ்சைத் தொடவில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. மற்ற நகங்களையெல்லாம் ஒட்ட வெட்டிவிட்டு, இதை மட்டும் நீட்டி வளரவிட்ட மனுஷனை என்னவென்று சொல்ல? நானே பஞ்சை நனைத்தேன். துரையின் காலைப் பிடித்தேன்.

மாப்பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு வலித்தது.

“வேண்டாம் மச்சான். தோத்ததாவே இருக்கட்டும்.”

துரையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். நடுவர் அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் என்ன புரிந்தது, அவருக்குச் சொல்ல?

வண்டிக்குப் போய்ச் சேரும்வரை வாய் ஓயாமல் திட்டினேன். இத்தனை வருஷப் பாடும் வீணாப் போச்சே என்றேன். கிறுக்குப் பிடித்துவிட்டதா என்றும் கேட்டுவிட்டேன். அவர் பின்சீட்டில் துரையோடு உட்கார்ந்து, அந்தக் காலை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார்.

தங்கச்சி போன் செய்தாள். நான் முந்திக்கொண்டு, உன் வீட்டுக்காரர் பண்ணின கூத்தைக் கேள் என்று ஆரம்பித்தேன். நகத்தைச் சொன்னேன், பாலிஷைச் சொன்னேன், நான் பஞ்சை எடுத்ததைச் சொன்னேன். பஞ்சு என்றதும் இடைமறித்தாள்.

“துடைச்சிட்டியாண்ணா? பாப்பா விரல்ல இருந்ததையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாடி நர்ஸ் துடைச்சிட்டாங்க. அவ பூசினதுல இது ஒண்ணுதாண்ணா மிச்சம்.”

ரோஸ் கலர். ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வராத பாப்பா, மினுமினுப்பாத்தான் வேணும் மாமா என்று கடையில் என் காலைக் கட்டிக்கொண்டு வாங்கியது. நான்தான் வாங்கித் தந்தேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இருக்கும்மா, அப்படியே இருக்கு என்றேன். இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நகம் வளர வளர பாலிஷ் நுனிக்கே போய்விட்டிருந்தது. கூண்டுக் கம்பியில் ஒரு முறை மாட்டினால் போதும், ஒடிந்துவிடும்.

பஞ்சு இன்னும் என் கையில்தான் இருந்தது. எப்போதோ காய்ந்துவிட்டது. விரலில் வாசனை மட்டும் போகவில்லை.

வண்டியை மெதுவாக ஓட்டினேன். பள்ளம் வந்த இடத்திலெல்லாம் மாப்பிள்ளை அந்தக் காலைப் பொத்திக்கொண்டார்.